சிஸ்டம் சாரின் டன்னல்

லேப்டாப் திரையின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வரும். முதலில் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும். நமக்கு நல்ல நேரமாக இருந்தால் பூட்டு பச்சையாகும். இல்லாவிட்டால் சிவப்பாகி, இணைக்க முடியவில்லை, உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அந்த நிர்வாகி யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். துவாக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் கணினிகளைக் கவனித்துக்கொண்டவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டம் சார். அவரைத் தொடர்புகொள்வதைவிட மலைக்கோட்டையை நாலு முறை ஏறி இறங்கிவிடலாம் என்று நான் நொந்துகொண்ட காலம் உண்டு. இப்போது வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பூட்டு கண்மூடித் திறப்பதற்குள் பச்சையாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை பச்சையாகும்போதும் அவர் ஞாபகம் வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. இறந்துபோனவர்களைப் பற்றித்தான் நினைவுக் குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. சிஸ்டம் சார் நன்றாக இருக்கிறார். ஏதோ ஒரு வளைகுடா நாட்டில் உட்கார்ந்து இன்னும் எத்தனையோ பேருக்கு ‘முடியாதுங்க’ சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கம்பெனி பெரிய கொதிகலன்களுக்கு வேண்டிய குழாய்த் தாங்கிகளும் இரும்புச் சட்டங்களும் செய்து கொடுத்தது. வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் கீழே ஷெட்டில் நடக்கும். மாடியில் டிராயிங் செக்‌ஷன். அங்கே நான் வரைபடம் போடுபவள். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான், எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. ஒருநாள் காலையில் பல் துலக்கப் போன அப்பா குழாயடியிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. ‘வா’, ‘போ’, ‘ம்’ என்று மிஞ்சியிருந்த இரண்டு மூன்று சொற்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் குடித்தனம் ஓடியது. சோறு நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார். வேறு யார் கை வாயருகே வந்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஆயுசு முழுக்க யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்காத மனிதர், மகள் ஒருத்தியிடம் மட்டும் தோற்பது என்று முடிவு செய்திருந்தார் போல.

அதனால் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். முதலாளி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. வேலை கண்ணெதிரே நடந்தால்தான் அது வேலை என்று நம்புகிறவர், அவ்வளவுதான். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “வேலை ஒரு தடவை நின்னுச்சுன்னாகூட அப்புறம் ஆபீஸுக்கு வந்துடணும்மா. சரியா?” என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது? அந்தச் சரியோடு என் சம்பளமும் அப்பாவின் சாப்பாடும் ஒரே கயிற்றில் தொங்க ஆரம்பித்தன. கயிற்றின் அந்த முனை சிஸ்டம் சார் கையில் இருந்தது.

விஷயம் இதுதான். வரைபடம் போடும் மென்பொருளுக்கு ஆபீஸில் என் மேஜையில் இருந்த கணினிக்கு மட்டும்தான் உரிமம். அதை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. வீட்டிலிருந்தபடி அந்தக் கணினியின் திரையை என் லேப்டாப்பில் வரவழைத்து, இங்கே நான் மவுஸை நகர்த்தினால் அங்கே கோடு விழும்படி செய்ய வேண்டும். அதற்கு எத்தனையோ எளிய வழிகள் இருப்பதாக எனக்குத் தெரிந்த எல்லோரும் சொன்னார்கள். ஒரு செயலியை இறக்கி ஒரு எண்ணைத் தட்டினால் போதுமாம். சிஸ்டம் சாரிடம் சொன்னேன். “முடியாதுங்க” என்றார். அப்படியானால் ஆபீஸ் கணினியை நேராக இன்டர்நெட்டில் திறந்துவிடுங்கள், பாஸ்வேர்டுதான் இருக்கிறதே என்றேன். “வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு, உள்ள பீரோவைப் பூட்டியிருக்கேன்னு சொல்ற மாதிரிங்க அது” என்றார். அவர் வழி ஒன்றுதான், டன்னல். ஆபீஸில் அவர் மேஜையோரம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. என் லேப்டாப்பிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் ஒரு சுரங்கப் பாதை மாதிரி போட்டுவிடுவார். உள்ளே போவதெல்லாம் புரியாத எழுத்தாக மாறித்தான் போகும், நடுவில் எவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. பெட்டிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி படமாகும், அதற்கப்புறம்தான் என் கணினி. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பாதையில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். முதலில், அதைத் திறக்கச் சாவியாக இருக்கும் ஃபைலை மெயிலில் அனுப்ப மாட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார். “கையில வந்து வாங்கிக்கங்க” என்றார். வெளியே வர முடியாமல்தானே இதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு மாமியை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு ஓடி, அந்தப் பென்டிரைவை வாங்கி வந்தேன். பிறகு ஒவ்வொரு முறை நுழையும்போதும் பாஸ்வேர்டு, அது முடிந்ததும் கைபேசிக்கு வரும் ஒரு எண். அந்த எண் சரியாக அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். கையெல்லாம் தயிர்ச்சாதம். கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எண் செத்துப்போயிருக்கும். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுவிட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அவர்தான் திறக்க வேண்டும். அவரோ சாப்பாட்டு நேரத்தில் போனை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, கை கழுவி, ஜெபம் சொல்லி, நிதானமாகச் சாப்பிடுகிறவர். பூட்டிக்கொண்ட திரையின் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். பூட்டிக்கொண்ட உதடுகளோடு அப்பா எதிரே உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து எனக்கு அழுகை வரும்.

ஒருமுறை போனிலேயே கத்திவிட்டேன். “சார், நான் போடறது குழாய்க்குத் தாங்கி. ராணுவ ரகசியம் இல்லை. இதை எவன் சார் திருடப் போறான்?” அவர் “எவன்னு தெரிஞ்சா அவனுக்கு மட்டும் பூட்டலாம்ங்க” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. என்னைவிட ஓரிரு வயது இளையவர், பாலக்கரையில் கோயிலுக்கு அருகே வீடு. சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் மறுப்புதான். கணக்குப் பிரிவு மேனேஜர் தன் பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்ததை, அவர் சாப்பிடப் போன நேரத்தில் கிழித்தெறிந்தவர். முதலாளியின் மைத்துனர் கொண்டு வந்த பென்டிரைவை எந்தக் கணினியிலும் செருக விடமாட்டேன் என்று அவரையே திருப்பி அனுப்பியவர். அந்தக் கம்பெனியில் யாருக்கும் பயப்படாதவர் அவர் ஒருவர்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எரிச்சல் எவ்வளவோ இருந்தாலும் அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்த மனிதர் இருக்கிறவரைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை எவனும் தொட முடியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜையை முதல் நாளே போட்டுவிடுவார்கள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. முன்னின்று நடத்துவது முதலாளியம்மா. அவர்கள் குடும்பம் மருங்காபுரிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்த குடும்பம். மண்வெட்டியும் அரிவாளும் பூஜையில் ஏறிவிட்டால் விஜயதசமியன்று மறுபூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் காட்டில் என்ன அவசரம் என்றாலும் யாரும் தொடமாட்டார்கள் என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்வார். கம்பெனியிலும் அதே கட்டு. கடைசல் இயந்திரத்துக்கும் வெல்டிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம், வாசலில் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரிகடலை. மாடியில் இருக்கும் எங்களுக்கும் குறை வைக்கமாட்டார், ஒவ்வொரு மானிட்டருக்கும் நெற்றியில் மூன்று பொட்டு. நான் ஆபீஸில் இருந்த வருஷங்களில் எல்லாக் கணினியையும் நாங்களே அணைத்துத் துடைத்து வைத்துவிட்டு, கைநிறையப் பொரியோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அதில் யாருக்கும் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

இந்த முறை தொல்லை இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வரைபடத்தில் திருத்தம் கேட்டிருந்தார். “நமக்குத்தான் லீவு, அவங்களுக்கு ஏது லீவு? ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள டிராயிங் போயிடணும்மா” என்று முதலாளி போனில் சொல்லியிருந்தார். போய்விடும் என்றேன். நான் வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு என்ன விடுமுறை. அதற்கு முதல் நாள் மத்தியானம், ஒரு வளைவின் அளவை மாற்றிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. பூட்டு பச்சையிலிருந்து சாம்பலுக்குப் போனது, சுழன்றது, சிவந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் சிவப்பு. சிஸ்டம் சாரைக் கூப்பிட்டேன்.

“சார், கனெக்‌ஷன் போயிடுச்சு.”

“தெரியுங்க. ஆஃப் பண்ணியாச்சு.”

“எதை சார்?”

“எல்லாத்தையும்ங்க. பூஜை.”

என் கணினியை மட்டுமாவது விட்டு வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலாளியம்மாவே மாடிக்கு ஏறி வந்தாராம். “அந்தப் பொண்ணு அப்பாவை வெச்சுக்கிட்டு வர முடியாம கஷ்டப்படுது பாவம், அது பொட்டியை நல்லா முன்னாடி வைங்க” என்று சொல்லி, வயர்களைப் பிடுங்கி, என் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் சரஸ்வதி படத்துக்கு நேர் எதிரே முதல் வரிசையில் வைக்கச் சொன்னாராம். மற்ற கணினிகளுக்கெல்லாம் பொட்டு மட்டும்தான், என்னுடையதற்கு மாலை. என்மேல் இருந்த பிரியத்தில் செய்த காரியம். பிரியத்தோடு என் கழுத்தில் கத்தி வைத்திருந்தார் அந்த அம்மா.

“சரி, அந்தக் கறுப்புப் பெட்டி?” என்றேன். அதன்மேல் ‘எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தவர் அவர். “அதையும்தாங்க. அந்த ஸ்டிக்கர் மேலயே சந்தனம் வெச்சிருக்காங்க” என்றார். “நீங்க அங்கேயேதானே சார் இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன். “அது பூஜை விஷயம்ங்க” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னா நல்லா இருக்காதுங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடியில் வேலை பார்ப்பவர்களில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். மைத்துனரைத் திருப்பி அனுப்பத் தெரிந்த மனிதருக்கு, சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஒரு அம்மாவிடம் ‘இதை மட்டும் அணைக்காதீங்க’ என்று சொல்ல நா எழவில்லை. வருஷம் பூராவும் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொன்னவர், மறுத்தே ஆக வேண்டியிருந்த அந்த ஒரு நாளில் சும்மா நின்றிருக்கிறார். இதை நினைக்க நினைக்க எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த அம்மா மதம் பார்க்கிறவர் இல்லை. பொரிப் பொட்டலத்தை முதலில் சிஸ்டம் சாரிடம்தான் நீட்டுவார். ‘இது ஓடினாத்தாங்க அவங்க வேலை ஓடும்’ என்று சொல்லியிருந்தால் அடடா என்று கையை எடுத்திருப்பார். நான் சிஸ்டம் சார் இடத்தில் நின்றதில்லை, அதனால் சொல்வது சுலபம். ‘பூஜையை நிறுத்தினார்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். இவ்வளவும் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடுமா என்ன?

முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லலாம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மறுபடி ஓடும். ஆனால் வேலை நின்றுவிட்டது என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும், அதோடு வீட்டில் இருக்கும் அனுமதியும் போகும். நீங்களே போய் என் கணினியையும் கறுப்புப் பெட்டியையும் போட்டுவிடுங்கள் என்று சிஸ்டம் சாரைக் கெஞ்சினேன். “பூஜைல வெச்சதை நான் தொடறதுங்களா?” என்றார். நானே போகலாம் என்றால், பக்கத்து வீட்டு மாமி பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். அதைச் சொன்னதும் அவரே, “நாளைக்கு நான் வந்து அப்பாகிட்ட உட்காந்துக்கறேங்க. நீங்க போய் எடுத்துக்குங்க” என்றார்.

மறுநாள் காலையில் ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். அப்பாவுக்கு எதை எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டும்போது அப்பா ‘வா, வா’ என்று கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் ஓடினேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி துவாக்குடி பஸ் ஏறினேன். பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று, மாலை, கண்ணாடியில் சந்தனம். அதற்கும் பூஜை போட்டுத்தான் இருந்தார்கள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை ஜன்னல் கம்பியிடம்தான் காட்ட முடிந்தது.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மாடியில் ஊதுபத்தி வாசம் இன்னும் போகவில்லை. சரஸ்வதி படத்தின் முன்னால் மாலையும் கழுத்துமாக என் கணினி உட்கார்ந்திருந்தது. எனக்கும் அதைத் தொடத் தயக்கம்தான், நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவள்தானே. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘அம்மா தாயே, வேறு வழியில்லை’ என்று முணுமுணுத்துவிட்டு, மாலையைக் கழற்றிப் படத்துக்குச் சாத்தினேன். கணினியை என் மேஜைக்குத் தூக்கி வந்து வயர்களை மாட்டி உட்கார்ந்தேன். வரைபடத்தை அனுப்ப இன்டர்நெட் வேண்டும், அதுவும் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான். சிஸ்டம் சாரைக் கூப்பிட்டேன். என் வீட்டில் இருந்துகொண்டு அவர், அவர் மேஜையோரம் நின்றுகொண்டு நான், எந்த வயர் எந்தத் துளையில் என்று அவர் சொல்லச் சொல்ல மாட்டினேன். பின்னால் அப்பாவின் சத்தம் கேட்டது. “அப்பா என்ன சார் பண்றாங்க?” என்றேன். “சாப்பிட மாட்டேங்கறாங்க. நீங்க முடிங்க” என்றார்.

முடித்தேன். திருத்தம் போனது, வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பார்த்தால், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டம் சார் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த மடிப்புக் கலையாத சட்டை முழுக்கத் தயிர்ச்சாதம், காதோரம்கூட ஒரு பருக்கை. அப்பா கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கிறார், ஒரு தடவை இல்லை போல. “சாரி சார்” என்றேன். “பரவாயில்லைங்க. கடைசில கொஞ்சம் உள்ள போச்சு” என்று சொல்லிவிட்டு அப்படியே வண்டியில் ஏறிப் போனார்.

விடுமுறை முடிந்ததும் முதலாளி என்னை நேரில் வரச் சொன்னார். காவலாளி சொல்லியிருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனேன். அவரோ சிரித்த முகமாக இருந்தார். “பூஜை அன்னிக்குக்கூட ஓடி வந்து முடிச்சுக் குடுத்தியாமே. ரொம்ப சந்தோஷம்மா” என்றார். அடுத்த மூச்சில், “வர முடியுதில்ல? அப்புறம் எதுக்கு இந்த டன்னல் தலைவலி? இனிமே நேர்லயே வந்துடு. உனக்கும் நிம்மதி” என்றார். சிஸ்டம் சாரும் அறையில் நின்றிருந்தார். அவர் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். வர முடியவில்லை சார், இவர் வந்து அப்பாவிடம் உட்கார்ந்ததால்தான் வந்தேன் என்றேன். “அப்ப ஒரு ஆளைப் போட்டுக்கம்மா. ஊர்ல ஆளா இல்ல?” என்றார் முதலாளி. பிறகு அவர் பக்கம் திரும்பி, “இவங்க கனெக்‌ஷனை எடுத்துடுங்க” என்றார். “சரிங்க சார்” என்றார் சிஸ்டம் சார். அவர் வாயிலிருந்து ‘சரி’ வந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

உறையூரிலிருந்து ஒரு அம்மா பகலில் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். நல்ல பெண்மணி. ஆனால் அவர் கையாலும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. சரக்கு அனுப்பும் சமயம் என்று வேலை வேறு குவிந்தது. எல்லோரும் ஐந்து மணிக்குக் கிளம்பிய பிறகும் நான் மட்டும் உட்கார்ந்து மிச்சத்தை முடித்துவிட்டு, பஸ் பிடித்து, வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் அப்பா சாயங்காலம் ஆனதும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுவாராம். கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாராம். ஆபீஸில் சிஸ்டம் சாரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் வந்து பேசவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள். ஸ்ரீரங்கத்துக்குள் வண்டி எதையும் விடவில்லை. ஊரெங்கும் தலைகள். உறையூர் அம்மா காவிரிப் பாலத்தோடு திரும்பிப் போய்விட்டதாகப் போன் செய்தார். அந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அன்றைக்கு அவர் வெளியூரில். என்ன செய்வதென்று தெரியாத எரிச்சலில் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பழைய டன்னலை அழுத்தினேன். திறக்கும் என்று அழுத்தவில்லை. சிவப்புப் பூட்டைப் பார்த்துத் திட்டித் தீர்க்க ஏதாவது வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். கைபேசிக்கு எண் வந்தது, போட்டேன். வட்டம் சுழன்றது, பூட்டு பச்சையானது. முந்தின சாயங்காலம் ஆபீஸில் நான் பாதியில் விட்ட வரைபடம் விட்ட இடத்திலேயே என் முன்னால் விரிந்தது.

நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அப்பாவுக்கு ஊட்டினேன், வேலையை முடித்தேன், நடுவில் இரண்டு முறை அழுதேன். ஏகாதசி கழிந்து ஆபீஸ் போன அன்று நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

“சார், என் கனெக்‌ஷனை நீங்க எடுக்கவே இல்லையா?”

“இல்லைங்க” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“முதலாளி சொன்ன அன்னிலேருந்தே திறந்துதான் இருக்கா?”

“ஆமாங்க.”

“ஏன் சார் என்கிட்ட சொல்லலை?”

அவர் விரல்கள் விசைப்பலகையின்மேல் நின்றன. “நீங்க கேக்கலைங்களே” என்றார்.

முதலாளியின் உத்தரவை எனக்காக மீறியிருக்கிறார். அவர் செய்யக்கூடியதிலேயே பெரிய குற்றம் அது. தெரிந்திருந்தால் அவர் வேலைக்கே உலை வைத்திருக்கும். நன்றி சொல்லியிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல், ‘திறந்திருக்குங்க’ என்று மாடிப்படியில் கடக்கும்போது முணுமுணுத்திருந்தால்கூடப் போதுமே. எல்லோரோடும் ஐந்து மணிக்குக் கிளம்பி வந்து மிச்சத்தை வீட்டிலிருந்து முடித்திருப்பேனே. அத்தனை சாயங்காலங்களையும் இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டே தின்றுவிட்டாரே என்றுதான் தோன்றியது. அடுத்த கோடையில் அப்பா போய்விட்டார். அதன் பிறகு நான் வேலை மாறினேன், அவரும் ஊரைவிட்டுப் போனார். எனக்காக அவர் செய்ததையும் எனக்குச் சொல்லாமல் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றைக்கும் கழித்துப் பார்க்கிறேன், விடை வரவில்லை.

அவரிடம் கேட்ட அன்றைக்கு ஐந்து மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. அப்பா நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாசல் பக்கம் திருப்பி வைக்கவில்லையா என்று உறையூர் அம்மாவைக் கேட்டேன்.

“அதெல்லாம் அவர் கேட்டு ரொம்ப நாளாச்சும்மா” என்றார்.